பதினாலாயிரம் கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

2012 டிசம்பர். கலிபோர்னியாவில் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. சென்னையிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். அங்கே புதன் காலை ஏழரை. "அப்பாவுக்கு நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு பைபாஸ். உன்னைப் பார்த்துட்டுத்தான் உள்ள போவேன்னு சொல்றாரு. எப்ப வருவே?"

நான் சாப்ட்வேர்காரன். கேள்வி வந்தால் மனசுக்குள் உடனே ஒரு கணக்கு ஓடும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்பது ஏற்கனவே தெரியும். விமானத்தின் வேகம் மணிக்குத் தொள்ளாயிரம். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். நடுவில் எங்காவது பிளைட் மாறணும், அதற்கு ஒரு நாலு மணி நேரம். ஆக இருபது. "வியாழக்கிழமை விடிகாலை அங்க இருப்பேன்" என்றேன். அவளும் அதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

டிக்கெட் தேட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கிடைத்ததிலேயே சீக்கிரமானது ஹாங்காங் வழி. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கிளம்பி, நான் மீனம்பாக்கத்தில் இறங்கியது வியாழன் இரவு ஒன்பதரைக்கு. ஏறினதிலிருந்து இறங்கினது வரை 31 மணி நேரம். அப்பா அதற்குள் ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருந்தார்.

அவர் நன்றாகத் தேறி வந்தார், அது வேறு விஷயம். ஆனால் "வந்துடுவேன்னு சொன்னான், வரலை" என்ற நினைப்போடு அவர் அந்தக் கதவுக்குள் போனாரே, அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல். வகுத்தல் கணக்கில் நான் தப்புப் பண்ணவில்லை. பிறகு எங்கே தப்பியது? இதைப் பத்து வருஷத்துக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் இந்தக் கட்டுரை.

முதலில், தூரம் என்றால் எது?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேரடி விமானம் இல்லை. நேரடி விமானம் உள்ள ஜோடியை எடுத்துக்கொண்டால் ஆராய்வது சுலபம். அதனால் டெல்லி - சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம்.

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் டெல்லியில் பென்சிலை வைத்து, கிழக்குப் பக்கமாக சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். (வரைபடம் பசிபிக் நடுவில் வெட்டுப்பட்டிருந்தால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.) சீனா, ஜப்பான் பக்கம் போய் பசிபிக் கடலைத் தாண்டும். அந்தக் கோட்டின் உண்மையான நீளம் ஏறக்குறைய 15,000 கி.மீ.

இப்போது பிள்ளைகள் வைத்திருக்கும் பூமி உருண்டையை எடுத்து, அதே இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் ஜப்பான் பக்கமே போகாது. டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பும். இமயமலை, திபெத், தக்லமகான் பாலைவனம், அல்தாய் மலை, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலில் 75 டிகிரி அட்சரேகை வரை போய், அலாஸ்கா வழியாக இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி கலிபோர்னியா வந்து சேரும். இதன் நீளம் சுமார் 12,400 கி.மீ. வரைபடக் கோட்டைவிட 2,600 கி.மீ. குறைவு!

இந்த நூல் பாதைக்குத்தான் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தின் வழியாக உருண்டையை இரண்டாக வெட்டினால் விளிம்பில் கிடைக்கும் வட்டம் அது. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியின் மையத்தில் அவை உண்டாக்கும் கோணத்தைக் கோண கணித சூத்திரத்தால் கண்டுபிடித்துவிடலாம். டெல்லி - சான் பிரான்சிஸ்கோவுக்கு அது 111.3 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 12,380. பத்து வரி புரோகிராம், அவ்வளவுதான். "இரண்டு நகரங்களுக்கு இடையே விமான தூரம்" என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் இப்படிக் கணக்கிடப்பட்டவைதான். எந்த விமானமும் பறந்து பார்த்து அளந்ததில்லை.

12,380-ஐ 900-ஆல் வகுத்தால் 13 மணி 45 நிமிடம். நான் தங்கச்சியிடம் போட்ட அதே கணக்கு. நிஜத்தில் என்ன ஆனது என்று பார்ப்போம்.

அதிக தூரம், குறைந்த நேரம்

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ நேரடி சேவையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் போகும் வழி மேற்குப் பக்கமாக இருந்தது. ஐரோப்பாவைக் கடந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்கா. அந்த வழியின் நீளம் சுமார் 13,900 கி.மீ.

2016 அக்டோபரில் வழியை மாற்றினார்கள். கிழக்கே திரும்பி, பசிபிக் கடல் வழியாகப் போனார்கள். அதாவது, சுவர் வரைபடத்தில் நாம் பென்சிலால் இழுத்தோமே, கிட்டத்தட்ட அந்தப் பக்கம். தூரம் 15,300 கி.மீ. ஆனது. முன்னைவிட 1,400 கி.மீ. அதிகம். அது டெல்லியிலிருந்து நாக்பூர் தாண்டி ஹைதராபாத் பக்கம் வருகிற அளவு தூரம். ஆனால் நேரம் பதினாலரை மணி. முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு!

நிறுத்தி இன்னொரு முறை படியுங்கள். தூரம் கூடியது, நேரம் குறைந்தது. அதே விமானம், போயிங் 777-200 எல்ஆர். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை.

சராசரி வேகத்தைப் போட்டுப் பார்த்தேன். 13,900-ஐப் பதினாறரையால் வகுத்தால் மணிக்கு 842 கி.மீ. 15,300-ஐப் பதினாலரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. விமானத்தின் சொந்த வேகம் இரண்டுக்கும் நடுவில், சுமாராக 900. அப்படீன்னா ஒரு வழியில் யாரோ பின்னால் பிடித்து இழுத்திருக்கிறார்கள், இன்னொரு வழியில் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த யாரோ, காற்று.

ஆகாயத்தில் ஓடும் ஆறு

ஆடி மாசம் காவிரியில் வெள்ளம் போகும்போது பரிசலில் ஏறினவர்களுக்கு இது உடனே புரியும். துடுப்பு போடுகிறவர் தண்ணீரைத் தள்ளுகிறார், கரையை அல்ல. தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால் பரிசல் அதோடு சேர்ந்து நகரும். கீழ்நோக்கிப் போகும்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே ஊர் வந்துவிடும். மேல்நோக்கி வர எவ்வளவு துடுப்பு போட்டாலும் கரையில் இருக்கும் புளியமரம் அங்கேயே நிற்கும்.

விமானமும் அப்படித்தான். அது காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது. அந்தக் காற்று தரைக்கு மேலே எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது தனிக் கணக்கு. தரையில் நாம் அளக்கும் வேகம் இரண்டின் கூட்டல் அல்லது கழித்தல்.

ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பயணிகள் விமானம் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு உலகத்தைச் சுற்றி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். வெப்ப மண்டலத்தின் சூடான காற்றும் துருவத்தின் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லையில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து இது உருவாகிறது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் வெப்ப வித்தியாசம் கூடுவதால் வேகமும் கூடும். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம்.

இதைக் கண்டுபிடித்தவரின் கதை சுவாரஸ்யம். வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர், 1920களில் தாதெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு மேல்காற்றை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராந்தோ மொழியில் 1926இல் வெளியிட்டார். எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி அது. ஜப்பானுக்கு வெளியே அநேகமாக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1944இல் அமெரிக்காவின் பி-29 குண்டு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே போய் இந்தக் காற்றில் மாட்டித் தடுமாறியபோதுதான் அவர்களுக்கு அதன் பலம் உறைத்தது.

இன்னொரு உதாரணம். 2020 பிப்ரவரியில், கியாரா புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு, ஆறரை மணி நேரம் ஆகும் பயணம். தரைக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தொட்டது. "அது ஒலியின் வேகம் ஆச்சே, எப்படி உடையாமல் போச்சு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். விமானத்தைப் பொறுத்தவரை அது தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் போனது. ஆறுதான் வேகமாக ஓடியது.

டெல்லி கணக்குக்குத் திரும்புவோம். மணிக்கு 900 வீதம், பதினாலரை மணி நேரத்தில் பசிபிக் வழி விமானம் காற்றுக்குள் கடந்த தூரம் 13,050 கி.மீ. பதினாறரை மணி நேரத்தில் அட்லாண்டிக் வழி விமானம் கடந்தது 14,850 கி.மீ. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதை இங்கே விட்டுவிட்டேன். ஆக, தரைக்கணக்கில் 1,400 கி.மீ. கூடுதலான வழி, காற்றுக்கணக்கில் 1,800 கி.மீ. குறுக்கு வழி. விமானிக்கும் எரிபொருளுக்கும் காற்றுக்கணக்குதான் நிஜம். இந்த ரகப் பெரிய விமானம் மணிக்கு ஏழு டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். இரண்டு மணி நேரம் மிச்சம் என்றால் பதினாலு டன் மிச்சம்.

போகும்போது பிடித்தது வரும்போது கிடைக்குமா?

"ஒரு பக்கம் எதிர்காற்று, மறுபக்கம் துணைக்காற்று. ரெண்டும் சரியாப் போயிடுமே?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்.

9,000 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்று 100. காற்றே இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். காற்று இருந்தால், துணைக்காற்றில் வேகம் 1,000, நேரம் 9 மணி. எதிர்காற்றில் வேகம் 800, நேரம் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். லாபம் ஒரு மணி நேரம், நஷ்டம் ஒன்றேகால். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் அது எப்போதும் கொஞ்சம் கூடவே பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் விமான நிறுவனங்கள் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று தினமும் காற்றைப் பார்த்து வழி போடுகின்றன. பருவக்காற்றைப் பார்த்துப் பாய் விரித்த பழைய கப்பல்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

நூல் போகும் வழியில் விமானம் ஏன் போவதில்லை?

காற்று ஒரு காரணம். இன்னும் மூன்று இருக்கின்றன.

ஒன்று, மலை. நம் நூல் திபெத்தைக் கடந்தது. திபெத் பீடபூமியின் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் மேலேயிருந்து ஆக்ஸிஜன் முகமூடி விழும் என்று ஒவ்வொரு முறையும் காட்டுவார்களே, பெரும்பாலான விமானங்களில் அது கால் மணி நேரம், இருபது நிமிடத்துக்குத்தான் வரும். அதற்குள் மூச்சுவிடக்கூடிய உயரமான 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கிவிட வேண்டும். கீழே தரையே 4,000 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இரண்டு, ஒதுங்க இடம். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு விமான நிலையம் வழி முழுக்க இருந்துகொண்டே இருக்க வேண்டும். 1953இல் அமெரிக்கா போட்ட விதியில் அந்த நேரம் 60 நிமிடம். எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக 1985இல் 120, 1988இல் 180 என்று ஏறியது. கடல், துருவம் இவற்றின் மேலே பறக்கும் ஒவ்வொரு பாதையும் இந்த நிமிடங்களைக் காம்பஸில் வைத்து வரைந்ததுதான். இது ஏட்டு விதி இல்லை என்பதற்கு இதே டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானமே சாட்சி. 2023 ஜூன் 6 அன்று ஒரு எஞ்சினில் கோளாறு என்று, 216 பயணிகளோடு ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்கியது. மாற்று விமானம் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது ஜூன் 8இல். பதினாறு மணி நேரப் பயணம் இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ஆனால் எல்லோரும் பத்திரம்.

மூன்று, அரசியல். வானத்துக்கும் வேலி உண்டு. 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பெருமளவு மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானம் தெற்கே இறங்கி, அரபிக்கடலைச் சுற்ற வேண்டும். 2022இல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியதும், ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணி நேரம் ஆனது. பின்லாந்து நாட்டு விமானங்கள் வடதுருவத்தின் மேலே பறந்து போக ஆரம்பித்தன. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

துருவம் என்றதும் பெங்களூரு ஞாபகம் வருகிறது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானி அறை முழுக்கப் பெண்கள். வழி, வடதுருவத்தின் மேலே. "துருவத்தைச் சுற்றினால் தூரம் அதிகம் இல்லையா?" என்று கேட்கலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெருவட்டத் தூரம் 13,990 கி.மீ. துருவத்தைத் தொட்டுவிட்டு வந்தால் 14,365. வெறும் 375 கி.மீ. கூடுதல். ஏனென்றால் இரண்டு ஊரும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். எந்தப் பக்கம் சுற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, காற்று எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான்.

கடிகாரம் செய்யும் மாயம்

பயண நேரத்தைக் குழப்புகிற இன்னொன்று, டிக்கெட்டில் இருக்கும் மணி. இரண்டு ஊர் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. 2016இல் பசிபிக் வழி போன அந்த முதல் விமானம் டெல்லியில் ஞாயிறு விடியற்காலை கிளம்பி, சான் பிரான்சிஸ்கோவில் அதே ஞாயிறு காலையில் இறங்கியது. டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் அமெரிக்கா போன மாதிரி தெரியும். நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்துவிட்டது. கலிபோர்னியா நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி பின்னால். இதைச் சேர்த்தால்தான் உண்மை நேரம் வரும்.

இன்னொன்று, அட்டவணையில் உள்ள பயண நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரைதான் அவர்கள் கணக்கு. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

என் கைக்கணக்கு

இத்தனையும் படித்த பிறகு எனக்கென்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். வட அரைக்கோளத்தின் நீண்ட பயணங்களுக்கு இது சரியாக வருகிறது.

1. பெருவட்டத் தூரத்தை எடுத்து, வழி வளைவுகளுக்காக 5 சதவீதம் கூட்டுங்கள்.
2. கிழக்கே போனால் 900-ஆல், மேற்கே போனால் 800-ஆல் வகுங்கள்.
3. தரையில் ஊர்வதற்கு அரை மணி நேரம் சேருங்கள்.
4. பிளைட் மாறும் ஊரில் காத்திருக்கும் நேரத்தை ஒருபோதும் ஊகிக்காதீர்கள். அட்டவணையைப் பாருங்கள்.

அன்றைக்கு நான் வந்த வழியை இதில் போட்டுப் பார்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோ - ஹாங்காங் 11,130 கி.மீ., மேற்கு நோக்கி. கைக்கணக்குப்படி 15 மணி. நிஜத்தில் 14 மணி 50 நிமிடம். ஹாங்காங் - சென்னை 3,715 கி.மீ., அதுவும் மேற்கு. கைக்கணக்கு 5 மணி 25 நிமிடம், நிஜம் ஐந்தரை. மொத்தம் 14,845 கி.மீ., சுமார் 20 மணி நேரம் வானத்தில்.

அதையே கிழக்கே பிராங்க்ஃபர்ட் வழியாக வந்திருந்தால்? 9,150-உம் 7,595-உம் சேர்ந்து 16,745 கி.மீ. ஹாங்காங் வழியைவிட 1,900 கி.மீ. அதிகம். கைக்கணக்கு 11 மணி 10 நிமிடம், 9 மணி 20 நிமிடம். மொத்தம், பாருங்கள், அதே இருபதரை! துணைக்காற்று 1,900 கிலோமீட்டரை விழுங்கிவிட்டது.

என் 31 மணி நேரத்தில் மீதி எங்கே போனது? ஹாங்காங் விமான நிலையத்து நாற்காலியில். அங்கே பத்து மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சென்னைக்கு அடுத்த விமானம் சாயங்காலம்தான். தங்கச்சிக்குச் சொன்ன கணக்கில் காற்றையும் மறந்தேன், வழியையும் மறந்தேன். ஆனால் பெரிய ஓட்டை, ஒரு நாளைக்கு ஒரு விமானம்தான் போகும் என்பதை மறந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானத்தின் நேரம்தான் வரும். மனுஷன் வந்து சேரும் நேரம் அட்டவணையில்தான் இருக்கிறது.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி - சென்னை தடம், இருபது வருஷத்துக்கு மேல். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், என் தப்புக் கணக்கை அவரிடம் ஒப்புக்கொண்டேன். கிலோமீட்டர், வேகம், வகுத்தல் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முந்நூத்தி முப்பது கிலோமீட்டர்டா, திருச்சியிலேர்ந்து. சாதாரண ராத்திரி ஆறரை மணி நேரம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பத்து. மழை பேஞ்சா கடவுளுக்கே தெரியாது. எத்தனை கிலோமீட்டர்னு எந்தப் பாசஞ்சரும் என்னைக் கேட்டதில்லை. எப்பப் போய்ச் சேரும்னுதான் கேட்பான். நான் எப்பவும் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுவேன். முன்னாடி போய்ட்டா யாரும் திட்ட மாட்டான்."

பி.இ. படிப்பும் பத்து வரி புரோகிராமும் கற்றுத் தராத பாடம் அது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்து யார் "எப்ப வருவே?" என்று கேட்டாலும் நான் மனக்கணக்கு போடுவதில்லை. "டிக்கெட் போட்டுட்டு சொல்றேன்" என்கிறேன். போட்ட பிறகு, அதில் இருக்கிற நேரத்தோடு மூணு மணி நேரம் கூட்டிச் சொல்கிறேன்.